வாசலில் மாற்றிய ஆல்டர்நேட்டர்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே ஆல்டர்நேட்டரை மாற்றி மூன்று மழைக்காலம் ஓடிவிட்டது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது இந்தப் பாகம்தான். வண்டி பழைய பெட்ரோல் கார்.

அன்று வேளச்சேரி பாலம் ஏறும்போது பேட்டரி விளக்கு எரிந்தது. கொட்டுகிற மழையில் வைப்பர் சோர்ந்துபோய் நகர்ந்தது. வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர் வைத்தால், இன்ஜின் ஓடும்போதே 12.1 வோல்ட். குறைந்தது 13.8 ஆவது காட்ட வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் பேட்டரியைத்தான் மாற்றச் சொன்னார். நல்லவேளை, கேட்கவில்லை.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயர். இதை மறந்தால் போச்சு: ஆல்டர்நேட்டருக்கு வரும் தடித்த ஒயரில் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். அப்புறம் பெல்ட், கனெக்டர், இரண்டு போல்ட். துருப்பிடித்த கீழ் போல்ட் மட்டும் அரை நாளைத் தின்றது.

பழையதைப் பையில் போட்டு, வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு பஸ்ஸில் தூக்கிப்போனேன். ரீகண்டிஷன் செய்தது ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியில் ஐந்து வரிப் பள்ளம், என்னுடையதில் நான்கு. “ஓடும் சார்” என்றார். வேறு எடுக்கச் சொன்னேன். பழையது கையில் இல்லாவிட்டால் நானும் தலையாட்டியிருப்பேன்.

தப்பு நான் செய்தது பெல்ட்டில். கீச்சென்று கத்தக் கூடாதே என்று கம்பியால் நெம்பி, வீணைத் தந்தி மாதிரி முறுக்கிவிட்டேன். எட்டே மாதத்தில் முன்பக்கம் கிரைண்டர் ஓடுகிற சத்தம். பேரிங் போய்விட்டது. ரீகண்டிஷன் சரக்கைத் திட்டிக்கொண்டே போனேன். பேரிங் மாற்றிய எலக்ட்ரீஷியன் பெல்ட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் என் வண்டியில் 10 மில்லிமீட்டர் போல உள்ளே போக வேண்டுமாம். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு சத்தமே இல்லை. நேற்று பார்த்தபோது 14.2 வோல்ட், ஏசியும் ஹெட்லைட்டும் போட்டால் 13.9. சிக்னலில் நிற்கும்போது மட்டும் விளக்கு லேசாக மங்குகிறது, அவ்வளவுதான் குறை.

எனக்கு பானெட்டைத் திறந்ததும் கைக்கு எட்டியது. அடியில் படுத்துக் கழற்றுகிற மாதிரி வண்டி என்றால் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.