ஒரு கோப்பை, இரண்டு வாரிசுகள்

விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ்தான். ஆனால் தெற்கு லண்டனின் அந்தப் புறநகருக்கு 1889 முதல் ஒரு கால்பந்து கிளப்பும் உண்டு. 1977 வரை இங்கிலாந்தின் கால்பந்து லீக்கிலேயே இடமில்லாத அது, 1988இல் அந்நாட்டின் புகழ்பெற்ற எஃப்ஏ கோப்பையின் இறுதியில் லிவர்பூலை 1-0 என வீழ்த்தியது. விம்பிள்டனின் லாரி சான்செஸ் தலையால் முட்டி கோல் அடித்தார். லிவர்பூலின் ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்ட்டியை கோல்கீப்பர் டேவ் பெசன்ட் தடுத்தார்.

2002இல், சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள மில்டன் கீன்ஸுக்கு கிளப்பை இடம்பெயர்க்க அனுமதி கிடைத்தது. அங்கிருந்து கதை இரண்டாகப் பிரிகிறது.

இடம்பெயர்ந்தது எம்கே டான்ஸ் ஆனது. லீக் இடம் அதற்குக் கையோடு வந்தது; பெரிய மைதானமும் அமைந்தது. பின்னாளில் இங்கிலாந்து அணிக்கு ஆடிய டெலி அலி அங்கே வளர்ந்தவர். 2014இல் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 எனத் தோற்கடித்ததைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

கைவிடப்பட்ட ரசிகர்களோ ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கினார்கள். பொதுத்திடலில் ஆட்கள் தேர்வு! உள்ளூர் லீக்கில் தொடங்கி, 78 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே காணாமல் ஆடி, ஒன்பதே ஆண்டுகளில், 2011இல், அதே கால்பந்து லீக்குக்குள் நுழைந்தார்கள். 2016இல், மேல் பிரிவுக்கு யார் போவது என்பதை முடிவுசெய்யும் பிளேஆஃப் இறுதியில் முன்கள வீரர் அகின்ஃபென்வா அடித்த பெனால்ட்டி வெற்றியை உறுதிசெய்ய, அணி இன்னொரு படி ஏறியது.

லீக் இடத்தின் தொடர்ச்சி எம்கே டான்ஸுக்கு. என் கணக்கில் வரலாறு மற்றவர்களுக்கு. பழைய கிளப்பின் கோப்பைகளும் 2007இல் விம்பிள்டன் அடங்கிய மெர்டன் நகராட்சிக்கே திரும்பின. 2020 நவம்பரில் ரசிகர்களின் அணியும் பழைய கிளப்பின் மைதானம் இருந்த பிளவ் லேன் தெருவுக்குத் திரும்பியது. கொரோனா காரணமாக முதல் ஆட்டத்தைப் பார்க்க அவர்களுக்குத்தான் அனுமதியில்லை.