ஆறு மாத பிராட்பேண்ட் ஆஃபர்: ஓடிபி யார் போனுக்கு வருகிறது என்று பாருங்கள்

கூடுவாஞ்சேரி பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஃபைபர் கனெக்‌ஷன் வாங்குங்கள். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தக் கம்பெனியின் லோக்கல் ஏஜென்டும் செய்யக்கூடிய வேலைதான் இது.

எங்கள் ஏரியாவில் கேபிள் டிவி கொடுப்பவர்தான் பிராட்பேண்டும் கொடுக்கிறார். "100 எம்பிபிஎஸ், ஆறு மாசத்துக்கு 5,000 ரூபாய், ரவுட்டர் ஃப்ரீ சார்" என்றார். கணக்கும் சரியாகத்தான் இருந்தது: மாதம் 699, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆறு மாதத்துக்கு 4,949. பணத்தைத் தன் சொந்த ஜிபே நம்பருக்கே போடச் சொன்னார். பில் கேட்டால், "மெயில்ல வந்துரும் சார்."

பில் வரவில்லை. வேகமும் வரவில்லை. ஸ்பீடு டெஸ்டில் 40-ஐத் தாண்டவே இல்லை. போன் செய்தால், "வைஃபைல அப்படித்தான் காட்டும் சார், சுவரு நிறைய இருக்குல்ல" என்பார். இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் வில்லங்கம். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற வேகம் குறைந்த வைஃபை அலைவரிசை மட்டும் உள்ள ரவுட்டராக இருந்து, பக்கத்து வீட்டு வைஃபைகளும் நெருக்கினால், 100 எம்பிபிஎஸ் லைனிலும் போனில் 40 காட்டலாம். அதனால் எல்லா போன்களிலும் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் சொருகிப் பார்த்தேன். காலையிலும் 40, ராத்திரியிலும் 40. நெரிசலில் குறைகிற வேகம் ஏறும், இறங்கும். இப்படி நூல் பிடித்தாற்போல் நிற்காது.

சரி, கம்பெனி ஆப்பில் பிளானையே பார்த்துவிடலாம் என்று யூசர் ஐடியைப் போட்டேன். ஓடிபி என் போனுக்கு வரவில்லை. திரையில் தெரிந்த கடைசி இரண்டு இலக்கங்கள் ஏஜென்டின் நம்பருடையவை. என் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு போனவர், மொபைல் நம்பர் கட்டத்தில் தன் நம்பரை நிரப்பியிருக்கிறார்! வீட்டு முகவரியையும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரையும் சொன்ன பிறகுதான் கஸ்டமர் கேரில் விவரம் கிடைத்தது. 40 எம்பிபிஎஸ் பிளான், 399 ரூபாய், மாதாமாதம் ரீசார்ஜ். என்னுடைய 5,000-ஐக் கையில் வைத்துக்கொண்டு ஜிஎஸ்டி சேர்த்து மாதம் 471 ரூபாய்க்கு எனக்குப் படியளந்திருக்கிறார் மனுஷன்.

நேரில் கேட்டதற்கு, "ரவுட்டர் வாடகை கழிச்சிருக்கேன் சார்." ஃப்ரீ என்று சொன்ன அதே ரவுட்டர்தான்.

உங்கள் வீட்டில் கனெக்‌ஷன் கொடுக்க ஆள் வந்தால், அவர் கிளம்புவதற்கு முன்பே ஆப்பில் லாகின் செய்து, எந்த பிளான், எந்தத் தேதி வரை என்று பார்த்துவிடுங்கள். பணத்தை அந்த ஆப்பிலேயே கட்டுங்கள். "கையில குடுத்தா 200 கம்மி" என்று இழுப்பார்கள், மசிய வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். தனிநபர் புகாரை அவர்கள் நேரடியாக விசாரிப்பதில்லை. முதலில் கம்பெனியில் புகார் கொடுத்து டாக்கெட் நம்பர் (புகார் பதிவு எண்) வாங்க வேண்டும், அதில் சரிவராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். ஜிபே அனுப்பும்போது "100 எம்பிபிஎஸ், 6 மாதம்" என்று குறிப்பு எழுதியிருந்தது எனக்கு இப்போது கைகொடுக்கிறது.

கம்பெனியில் மொபைல் நம்பரை என்னுடையதாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பணத்தைப் பற்றிக் கேட்டால், ஏஜென்டின் சொந்தக் கணக்குக்குப் போன தொகைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று மெயில் வந்திருக்கிறது. மேல்முறையீடு போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.