இலவசப் பல் முகாம் என்று கூப்பிட்டால், நாற்காலியில் உட்காரும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜனவரியில் எங்கள் அபார்ட்மெண்டில் இலவசப் பல் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். அம்மாவுக்கு இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் ஒரு மாதமாக வலி, காப்பி கொஞ்சம் சூடாக இருந்தாலே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்குக் கீழேயே டாக்டர் வந்திருக்கிறார், காட்டிவிடலாம் என்று கூட்டிப் போனது நான்தான். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, நாளைக்கு கிளினிக்குக்கு வந்தால் எக்ஸ்ரேயும் இலவசம் என்றார்கள். போனோம்.

வலி ஒரு பல்லில். அவர்கள் சொன்னது நான்கு பல்லுக்கு ரூட் கெனால் (வேருக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு மருந்து அடைப்பது), நான்குக்கும் ஜிர்கோனியா கேப் (பல்லை ராவி அதன்மேல் மாட்டும் பீங்கான் மாதிரி உறை), முகாம் சலுகை போக 48,000 ரூபாய். சின்ன காமிரா ஒன்றை வாய்க்குள் விட்டு எதிரே டிவியில் காட்டினார்கள். பல்லின் பள்ளத்தில் கறுப்பாக ஒரு கோடு, அந்தப் பெரிய திரையில் கிணறு மாதிரி தெரிந்தது. "இப்பவே பண்ணலேன்னா மூணு மாசத்துல எல்லாத்தையும் பிடுங்கணும்மா" என்றதும் அம்மா என் முகத்தைப் பார்த்தார். காப்பிக் கறை படிந்த பல்லும் அந்தத் திரையில் அப்படித்தான் தெரியும் என்று அன்று எனக்குத் தெரியாது. சொத்தை நரம்பு வரைக்கும் போயிருக்கிறதா என்பதைக் காமிரா சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும், குளிர்ச்சியாக எதையாவது வைத்துப் பார்க்க வேண்டும், தட்டிப் பார்க்க வேண்டும். மற்ற மூன்று பல்லையும் யாரும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

என் கம்பெனி மெடிக்ளெய்மில் அம்மா இருக்கிறார், ஆனால் விபத்தில் பல் உடைந்தால் ஒழிய பல்லுக்கு அதில் எதுவும் கிடைக்காது. பெரும்பாலான பாலிசிகள் அப்படித்தான். கையில் அவ்வளவு பணம் இல்லை என்றதும், அதற்கென்ன, வட்டியில்லாத தவணை இருக்கிறதே என்றார்கள். இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். அம்மாவுக்கு மரத்துப் போகும் ஊசி போட்டாகிவிட்டது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், ஒரு பெண் என் பக்கத்தில் நின்றுகொண்டு "ஓடிபி வந்துச்சா சார்?" என்கிறார். சொல்லிவிட்டேன். மாதம் 4,000 வீதம் 12 மாதம், தனியாக ப்ராசசிங் கட்டணம் 1,180. கடன் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனம், முழுத் தொகையும் அப்போதே கிளினிக்குக்குப் போய்விட்டது. வேலை முடிந்ததோ இல்லையோ, சரியாக இருக்கிறதோ இல்லையோ, நான் தவணை கட்டியே ஆக வேண்டும். இந்த மாதிரி ஆப் வழியாக வாங்கும் கடனில் கூலிங் ஆஃப் என்று சில நாள் அவகாசம் கொடுக்க வேண்டும், அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியே வந்துவிடலாம் என்பது 2022-லிருந்தே ரிசர்வ் வங்கி விதி. எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிய வந்தபோது நாள் கடந்திருந்தது.

ஏப்ரலில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கையில் ஒரு கேப் கழன்று வந்தது. உள்ளே இருந்ததைப் பல் என்றே சொல்ல முடியாது, நான்கு பக்கமும் ராவி எடுத்து மஞ்சளாக ஒரு சின்ன முளை. முதலில் வலித்த பல்லோ அப்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. கிளினிக்கில் அந்த டாக்டர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். வாரண்டி கார்டை நீட்டினால் கேப் உடைந்தால்தான் செல்லும், கழன்றால் செல்லாது என்றார்கள். எக்ஸ்ரே கேட்டதற்கு "சிஸ்டத்துல இருக்கு சார்". எழுத்தில் கேட்டு இரண்டு முறை நேரில் போன பிறகுதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

எதிர் வீட்டு அக்கா சொல்லித்தான் சென்னை கோட்டை ரயில் நிலையம் எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். 1953-லிருந்து இருக்கிற இடம், நான் எத்தனையோ தடவை ரயிலில் கடந்து போயிருக்கிறேன், பல்லுக்காக அங்கே போகலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும், ஒரு பல்லுக்கே நாலைந்து தடவை வரச் சொல்வார்கள், தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய கஷ்டம்தான். ஆனால் மேற்படிப்பு படிக்கும் டாக்டரம்மா ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து பென்சில் நுனியால் எனக்குக் காட்டினார்: வலித்த பல்லின் வேரில் அடைத்த மருந்து நுனி வரை போகவில்லை, வேருக்குள் நரம்பு ஓடும் ஒரு கால்வாயைத் திறக்கவே இல்லை. கிளினிக் அனுப்பிய பழைய படத்தையும் பார்த்தார். மற்ற மூன்றில் இரண்டு பல்லில் சொத்தை மேலாக்கத்தான் இருந்திருக்கிறது, சாதாரணமாக அடைத்திருந்தாலே போதும். இனி அடைக்க முடியாது, ராவியது ராவியதுதான், ஆயுசுக்கும் கேப் வேண்டும்.

சென்னையில் இல்லாதவர்களுக்குச் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பல் பிடுங்குவது, அடைப்பது போன்றவற்றுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே பல் பிரிவு உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் செய்வதால் வெளியே கேட்பதைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்கள். தெருமுனை டாக்டரிடமே போனாலும் சரி, எந்தப் பல்லுக்கு என்ன, எவ்வளவு என்று தனித்தனியாகத் தாளில் எழுதி வாங்குங்கள், எக்ஸ்ரேவைக் கையோடு வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்காத பல்லை அன்றைக்கே ராவ வேண்டிய அவசரம் யாருக்கும் கிடையாது. ஊசி போட்ட பிறகு பணப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், மரத்த வாய் சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் பில், வாரண்டி கார்டு, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். அம்மாவுக்கு வியாழக்கிழமை மூன்றாவது சிட்டிங். இப்போது காப்பியை ஆற வைத்து, வலது பக்கமாகவே குடிக்கிறார். தவணை இன்னும் நான்கு பாக்கி.