ஓஆர்எம் கற்க டீபக் டூல்பாரும் சில்க்கும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்குச் செக்ரோல் மென்பொருள் செய்து தருவதுதான் எங்கள் சிறிய குழுவின் பிழைப்பு. யார் வேலைக்கு வந்தார், எந்த டிவிஷன், எத்தனை செம்பனைக் குலை வெட்டினார், முன்பணம் எவ்வளவு எடுத்தார், மாதக் கடைசியில் கைக்கு எவ்வளவு. இவ்வளவுதான் கணக்கு. எல்லாம் ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைச்செயலி எழுதும் சட்டகம்), போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு ஓடுகிறது. ஜாங்கோ டீபக் டூல்பாரும் சில்க்கும் சில ஆண்டுகளாக எங்களிடம் இருக்கின்றன. தரவுத்தளத்திடம் எத்தனை குவெரி (கேள்வி) போனது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று காட்டும் கருவிகள் அவை. வேகம் குறைந்த பக்கத்தைக் கண்டுபிடிக்கத்தான் போட்டோம். இப்போது புதிதாக வருபவர்களுக்கு ஓஆர்எம் (தரவுத்தளத்தைப் பைத்தானிலேயே கையாள உதவும் ஜாங்கோ பகுதி) சொல்லித்தரத்தான் அவை அதிகம் உதவுகின்றன.

ஓஆர்எம்மில் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் எழுத வேண்டாம், அட்டவணைகளைப் பைத்தான் கிளாஸாகவே கையாளலாம். வசதிதான். ஆனால் அந்த வசதியில்தான் செலவு ஒளிந்துகொள்கிறது. நிரலில் தொழிலாளியின் பெயரைக் கேட்கவும் ஒரு புள்ளி, அவருடைய டிவிஷன் பெயரைக் கேட்கவும் இன்னொரு புள்ளி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். முதலாவது ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதை எடுத்துத் தருகிறது. இரண்டாவது தரவுத்தளத்துக்கே ஒரு நடை போய்வருகிறது.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் வருகைப் பட்டியல் பக்கத்தை எழுதினார். 80 பேர் கொண்ட பட்டியல். டூல்பாரில் 81 குவெரி. "அண்ணே, லூப்புக்குள்ள நான் குவெரியே எழுதலையே, டிவிஷன் பேரைத்தானே கேட்டேன்?" என்றார். எஸ்கியூஎல் பலகையைத் திறந்து ஒரு குவெரியை விரித்துக் காட்டினேன். எந்த டெம்ப்ளேட், எந்த வரி என்று அதுவே சொல்லிவிட்டது. தொடர்புடைய அட்டவணையையும் சேர்த்தே எடுக்கச் சொல்லும் செலக்ட் ரிலேட்டட் சேர்த்ததும் எல்லாம் ஒரே ஜாயினுக்குள் (அட்டவணைகளை இணைக்கும் குவெரி) அடங்கின. ஆவணத்தில் இந்தப் பகுதியை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். படித்தது மண்டையில் ஏறியது அந்த வரியைப் பார்த்தபோதுதான்.

பிரிஃபெட்ச் ரிலேட்டட் இன்னும் நல்ல பாடம். 2012-இல் ஜாங்கோ 1.4-இல் வந்தது. ஒருவருக்குப் பல வருகைப் பதிவுகள் இருக்கும்போது, அவற்றைத் தனியாக ஒரே ஐஎன் குவெரியில் (பலரின் பதிவுகளை ஒரே பட்டியலாகக் கேட்பது) அள்ளி வந்து பைத்தானில் ஜோடி சேர்க்கும். அள்ளி வந்த பிறகு லூப்புக்குள் ஃபில்டர் போட்டால் அந்த உழைப்பு வீண். ஒவ்வொருவருக்கும் மறுபடி ஒரு குவெரி ஓடும். நிபந்தனையை முன்கூட்டியே பிரிஃபெட்ச் ஆப்ஜெக்டில் வைக்க வேண்டும். நிரலை மட்டும் பார்த்தால் இது தெரியாது, டூல்பாரில் உடனே தெரியும். ஒன்லி போட்டு வேண்டிய பத்திகளை மட்டும் எடுத்துவிட்டு, எடுக்காத ஒரு பத்தியை டெம்ப்ளேட்டில் தொட்டாலும் இதே கூத்துதான்.

இனி குறைகள். எண்ணிக்கை பெரிதாகக் கண்ணில் படுவதால், எண்ணிக்கையைக் குறைப்பதே ஓஆர்எம் திறமை என்று நினைப்பவர்கள் உண்டு. குலைகளின் கூட்டுத்தொகையையும் முன்பணத்தின் கூட்டுத்தொகையையும் ஒரே அனோடேட்டில் (ஒவ்வொருவருக்கும் கணக்கிட்ட மதிப்பைச் சேர்க்கும் கட்டளை) கேட்டுப் பாருங்கள். இரண்டு ஜாயினும் சேர்ந்து வரிசைகளைப் பெருக்கிவிடும். மூன்று முறை முன்பணம் எடுத்தவருக்குக் குலைக்கணக்கு மூன்று மடங்காக வரும். டூல்பாரில் ஒரே குவெரி, சில மில்லிசெகண்ட், பார்க்க அம்சமாக இருக்கும். சம்பளம் மட்டும் தப்பு. அந்தக் குவெரியை விரித்து எஸ்கியூஎல்லை வாசிப்பவருக்கு அடுத்தடுத்து நிற்கும் இரண்டு லெஃப்ட் அவுட்டர் ஜாயின் கண்ணில் படும், சப்குவெரிக்கு (குவெரிக்குள் தனிக் குவெரி) மாற்றிவிடுவார். எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்பவருக்குக் கருவி எந்த எச்சரிக்கையும் தராது. இதனால்தான் எஸ்கியூஎல் கொஞ்சமாவது தெரியாதவருக்கு நான் டூல்பாரை முதலில் காட்டுவதில்லை.

மில்லிசெகண்டையும் அப்படியே நம்பக்கூடாது. மடிக்கணினியில் தரவுத்தளம் பக்கத்திலேயே இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் நிரல் ஓடி, தரவுத்தளம் கிளவுடில் இருந்தால், ஒரு நடைக்கு 10 மில்லிசெகண்ட் என்றாலும் 81 நடைக்கு 810 ஆகிவிடும். ஒரு குவெரியே தனியாக இழுத்தால், அதைத் தரவுத்தளம் எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளைன் வேண்டும். ஜாங்கோ 2.1 முதல் குவெரிசெட்டிலேயே அதைக் கூப்பிடலாம்.

மண்டோர்கள் (வேலை மேற்பார்வையாளர்கள்) கைப்பேசியில் குலை எண்ணிக்கை பதியும் செயலி ஜேசன் வடிவத் தரவில்தான் பேசுகிறது. அங்கே டூல்பாரைக் காட்டப் பக்கமே கிடையாது, அதனால் சில்க். எந்தக் கோரிக்கைக்கு எத்தனை குவெரி என்று பிறகு நிதானமாகப் புரட்டிப் பார்க்க முடிகிறது. ஆனால் சில்க் தன் குறிப்புகளையும் தரவுத்தளத்திலேயே எழுதும். சோதனை சர்வரில் எத்தனை விழுக்காடு கோரிக்கைகளைப் பிடிக்க வேண்டும் என்று வரம்பு வைத்தே ஓட்டுகிறோம். தோட்டத்தில் ஓடும் சர்வரில் அது இல்லை.

டூல்பார் வரவில்லை என்று யாராவது வந்தால் முதலில் இன்டர்னல் ஐபிஸ் அமைப்பை (டூல்பாரைக் காட்ட அனுமதித்த ஐபி முகவரிகளின் பட்டியல்) பார்க்கச் சொல்வேன், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் வில்லங்கம்.

இப்போது பயிற்சிக்கு வருபவர்களிடம் பலகையைத் திறக்கும் முன் எத்தனை குவெரி வரும் என்று ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். சரியான எண் பிடிபட்டதும் அதை, குவெரி எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அசெர்ட்நம்குவெரிஸ் சோதனையாக எழுதி வைக்கிறார்கள். நாளை யாராவது டெம்ப்ளேட்டில் ஒரு புள்ளி கூடுதலாக வைத்தால் சோதனை விழும், ஓடிய குவெரிகளையும் பட்டியல் போட்டுக் காட்டும்.