46 பீஸ் சாக்கெட் பெட்டி: எதுவரை தாங்கும், எங்கே கைவிடும்

பைக் வேலைக்கு டூல்ஸ் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது இந்த 46 பீஸ் கால் இஞ்ச் பெட்டிதான். பல பிராண்டுகளில் வருகிறது, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே. 4 முதல் 14 மி.மீ. வரை சாக்கெட், ஒரு ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்பும் பல் சக்கரக் கைப்பிடி), டி கம்பி, எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயின்ட், பிட்டுகள், சின்ன ஆலன் கீ. வாங்கலாம். ஆனால் 10 மி.மீ. தலை வரைக்கும்தான் இது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

காரணம் சாக்கெட் மாட்டும் சதுர முனை. பெட்டியின் கால் இஞ்ச் என்பது அதன் பக்க அளவு. கால் இஞ்ச் என்றால் 6.35 மி.மீ., அரை இஞ்ச் 12.7. பக்கம் இரட்டித்தால் முறுக்கைத் தாங்கும் வலு எட்டு மடங்காகும். ஜப்பானிய வழி வந்த பைக்குகளில் 10 மி.மீ. தலை போல்ட்டு எம்6 (மரையின் விட்டம் 6 மி.மீ.), 12 தலை எம்8, 14 தலை எம்10. 8.8 என்ற வலுத் தரமுள்ள போல்ட்டை இறுக்க எம்6க்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) போதும். எம்8க்கு 25, எம்10க்கு 50 வரை வேண்டும். துருப்பிடித்ததைக் கழற்ற அதற்கும் மேலே. 14 சாக்கெட் பெட்டியில் இருக்கிறதே என்று ராட்செட்டில் மாட்டி மிதித்தால், உள்ளே பல்லைப் பிடிக்கும் நாக்கு மழுங்கிவிடும். அழுத்தும்போது ‘டக்’கென்று நழுவ ஆரம்பித்தால் அந்த ராட்செட்டை இனி நம்பக் கூடாது, கை போய் இன்ஜின் ஃபின்னில் இடிக்கும். முதல் இளக்கலுக்கு டி கம்பி, இளகிய பிறகு ராட்செட். இந்த ஒரு பழக்கமே பெட்டியின் ஆயுளைக் கூட்டும்.

இறுக்கும்போது ஆபத்து வேறு பக்கம். இன்ஜின் கவர் அலுமினியம். 15 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 7 கிலோ அளவு அழுத்தினாலே 10 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். எம்6 போல்ட்டில் அதை அதிகம் தாண்டினால் மரை போய்விடலாம். ராட்செட்டின் தலையை ஒட்டிப் பிடித்து இறுக்குங்கள். வைத்த அளவு முறுக்கு வந்ததும் காட்டிக்கொடுக்கும் டார்க் ரெஞ்ச், 5–25 நியூட்டன் மீட்டர் அளவில் கிடைத்தால் இன்னும் நல்லது. வேலை முடிந்ததும் அதைக் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள், அதைக் கொண்டு ஒருபோதும் கழற்றாதீர்கள்.

கடையில் பெட்டியைத் திறந்து பார்த்தே வாங்குங்கள். குரோம் வனேடியம் என்ற எழுத்தை மட்டும் நம்ப முடியாது. 10 சாக்கெட்டைப் புதுப் போல்ட்டில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் தலையை உருட்டிவிடும். ஆறு பட்டை சாக்கெட்டாக இருக்கட்டும், பன்னிரண்டு பட்டை மழுங்கிய தலையில் சீக்கிரம் வழுக்கும். ராட்செட்டில் 72 பல் இருந்தால் 5 டிகிரி அசைவிலேயே அடுத்த பல் பிடிக்கும், 24 பல்லுக்கு 15 டிகிரி வேண்டும். டேங்குக்கு அடியில் கை நுழையாத இடத்தில்தான் இந்த வித்தியாசம் புரியும்.

வளையும் எக்ஸ்டென்ஷன் கிளாம்ப் ஸ்க்ரூவுக்கு மட்டுமே. பிட்டுகள் சுமார்தான். அதிலும் ஸ்டார் (கூட்டல் குறி) ஸ்க்ரூ தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவு ரகம். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் மேலேறி நழுவித் தலையைத் தின்றுவிடும். அதற்கென்று ஒரு ஜே.ஐ.எஸ். திருப்புளி தனியாக வாங்குவது வீண் செலவு ஆகாது.

பெட்டியோடு சேர்த்து 10-12, 14-17 ரிங் ஸ்பேனர், அரை இஞ்ச் நீளக் கைப்பிடி, வண்டியின் ஆக்ஸில் நட்டுக்கு ஏற்ற சாக்கெட் ஆகியவை வேண்டும். இறுகிய நட்டை வாய் திறந்த ஓப்பன் ஸ்பேனரால் திறக்க முயலாதீர்கள். அது இரண்டு பக்கம்தான் பிடிக்கும்.

இம்பாக்ட் ரெஞ்ச் (அடித்து அடித்துச் சுழற்றும் மெஷின்) வைத்திருப்பவர்கள் கவனிக்க: பளபளக்கும் குரோம் சாக்கெட்டை அதில் மாட்டவே கூடாது. அந்தத் தொடர் அடியில் விரிசல் விட்டுத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கறுப்பு நிறத்தில், கனத்த சுவரோடு வரும் குரோம் மாலிப்டினம் சாக்கெட்டுகள்தான் அதற்கு உரியவை. அரை இஞ்சிலிருந்து கால் இஞ்சுக்கு அடாப்டர் போட்டும் ஓட்டாதீர்கள். அதுதான் முதலில் முறியும்.

ராட்செட் இறுகினால் பின்புற ஸ்க்ரூக்களைக் கழற்றித் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கெட்டிக் கிரீஸ் அடைத்தால் நாக்கு ஒட்டிக்கொண்டு பல்லைப் பிடிக்காது.