துரு, வெல்டு, ஒரு பெரிய தகடு: காரைக்குடிப் பட்டறையில் வாங்கிய சிற்பம்

காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். இரும்பைப் பார்த்தால் எடைதான் முதலில் மனசில் ஓடும். நாலுக்கு ரெண்டு அடி, 3 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், அதாவது சாதா இரும்பு) தகடு என்றால் 17 கிலோ சொச்சம். இந்தப் பக்கம் பட்டறை போட்டு உருவமில்லாத சிற்பங்கள் செய்யும் ஒரு தம்பியிடம் அந்த அளவில் ஒன்று வாங்கி வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் வைத்திருக்கிறேன். கேள்விப்பட்ட வாடிக்கையாளர்கள் கேட்பதெல்லாம், "அண்ணே, கிலோ என்ன ரேட்டு?"

இரும்பு விலைக்குப் பல மடங்குதான், மறைப்பானேன். ஆனால் வேலையைப் பாருங்கள். தகட்டின் நடுவே கேஸ் கட்டிங்கில் கோணலாக ஒரு கீறல். கீறலை ஒட்டிச் சூடு ஏறிய இடம் நீலமாகத் தொடங்கி, தள்ளிப் போகப் போக வைக்கோல் மஞ்சளாக முடிகிறது. கீழே பழைய வீட்டு ஜன்னல் கம்பிகள் ஏழு, ஆளுக்கொரு உயரத்தில். நம்மூர் கேட் வேலை என்றால் வெல்டைக் கிரைண்டரில் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மூடிவிடுவார்கள். இவர் எதையும் தேய்க்கவில்லை. மணி மணியாக, கோடு பிசகாமல் ஓடுகிறது வெல்டு. கை சுத்தமில்லாதவன் இப்படித் திறந்துபோட முடியாது.

1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னைப் பக்கம் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் பி.வி. ஜானகிராமும் எஸ். நந்தகோபாலும் உலோகத்தில் செய்தவற்றில் பெரும்பாலும் சாமி, மனிதர், பறவை என்று ஏதாவது பிடிபடும். இந்தத் தம்பியிடம் அதுவும் கிடையாது. தலைப்புகூட வைக்காமல் பின்னால் ஒரு எண்ணைப் பொறித்திருக்கிறார். ஆத்தாதான், "மழைக்கு ஒதுங்கி நிக்கிற ஆளுக மாதிரி இருக்குடா" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிகிறது!

அப்புறம் துரு. உலோக அரிப்பு ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953-லிருந்து இயங்கும் ஊரில் துருவை விலைக்கு விற்கவும் ஒரு தைரியம் வேண்டும். கார்ட்டன் ஸ்டீல் என்று ஒன்று உண்டு. செம்பு, குரோமியம் சேர்ந்தது, மேலே படியும் துருவே அதற்குக் காப்பு. இது அதில்லை, சாதா எம்.எஸ். உப்புத் தண்ணீர் தெளித்துத் துரு ஏற்றி, மேலே லேக்கர் அடித்திருக்கிறார். லேக்கர் போன இடத்தில் உதிரத்தான் செய்யும். வளவு முற்றத்து ஓரம் சாரல் படும் இடத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். துருத் தண்ணீர் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இறங்கினால் கறை லேசில் போகாது. நான் அடியில் ரப்பர் ஷீட் போட்டிருக்கிறேன்.

எனக்குப் பிடிக்காதது, மாட்டுவதற்கென்று கொடுத்த ரெண்டு கொக்கி. கம்பிகளோடு சேர்த்து எடை 20 கிலோவைத் தாண்டுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவரில் டிரில் போட்டால் பளபளப்பான மேல்பூச்சு பெயர்ந்துவிடும், அதைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. செட்டிநாட்டில் இருந்துகொண்டு இது தெரியாதா? ஆங்கிள் ஸ்டாண்ட் கேட்டேன், அதற்குத் தனிக் காசு. இவ்வளவு வாங்குகிறவர் அதையும் சேர்த்தே கொடுத்திருக்கலாம்.

மேசையில் வைக்கிற நட்டு-போல்ட்டு மயில்களும் அங்கே இருக்கின்றன, சுற்றுலா வருகிறவர்களுக்காக. அதில் காசைப் போடாமல், சேர்த்து வைத்தாவது ஒரு பெரிய தகடாக வாங்குங்கள். போவதானால் சாயங்காலம் போங்கள். காலையில் கிரைண்டர் சத்தத்தில் விலைகூடப் பேச முடியாது.