பில்லில் 'ஸ்டற்றிக் ஐபி' என்று இருந்தால் காசு கொடுக்க முதல் இதைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் கமெரா பூட்டி, வீட்டு சேர்வர் செற் பண்ணிக் கொடுக்கும் சிலர் பில்லில் 'ஸ்டற்றிக் ஐபி' (மாறாத இணைய முகவரி) என்று தனி வரி எழுதிக் காசு வாங்குகிறார்கள். கோண்டாவிலில் ஒரு வீட்டில் நடந்தது இது: கனடாவில் இருக்கும் மகன் தாயின் வீட்டைப் பார்க்க வேண்டும். வந்தவர் டிவிஆருக்கு (கமெராப் படத்தைப் பதியும் பெட்டி) 192.168.1.108 என்ற முகவரியை மாறாதபடி போட்டார். வீட்டு வைஃபையில் இருந்த போனிலேயே படத்தைக் காட்டிவிட்டுக் காசோடு போய்விட்டார். கனடாவில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டால், "லைன் பிழை, கொம்பனியோட கதையுங்கோ" என்கிறார்.

192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. அதை மாறாமல் வைப்பது இரண்டு நிமிட வேலை, அவசியமானதும்கூட. இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, போர்ட் ஃபோர்வேர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் ஒரு கருவிக்கு அனுப்பும் ரவுட்டர் விதி) வேறெங்கோ காட்டக்கூடும். ஆனால் சேவை வழங்குநரிடம் கேட்டு எடுக்கும், வெளியிலிருந்து வீட்டை அடையக்கூடிய பொது ஐபிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்களே சோதிக்கலாம். ரவுட்டரின் ஸ்டேற்றஸ் பக்கத்தில் வான் (WAN) ஐபியை, அதாவது ரவுட்டருக்கு இணையப் பக்கம் கிடைத்த முகவரியைப் பாருங்கள். பிறகு, 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவதொரு தளத்தில் வருவதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் போர்ட் ஃபோர்வேர்டிங் வேலை செய்ய வாய்ப்புண்டு. வான் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், நீங்கள் கொம்பனியின் பொது NAT-க்கு (பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் அமைப்பு) பின்னால் இருக்கிறீர்கள். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் இதே நிலைதான். சிம் போட்ட ரவுட்டர்களில் இது வழமை. 192.168 என்று வந்தால் வீட்டிலேயே இரண்டு ரவுட்டர் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கலாம். முன்னால் உள்ளதை பிரிட்ஜ் மோட்டுக்கு (இணைப்பைக் கடத்த மட்டும் செய்யும் நிலை) மாற்றினால் சரிவரும்.

வேலை முடிந்தது என்று சொன்னால் போனில் வைஃபையை நிற்பாட்டி, மொபைல் டேட்டாவில் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் படம் வந்தால், டிவிஆரின் கியூஆர் கோட்டை ஸ்கான் பண்ணித் தயாரிப்பாளரின் கிளவுட் வழியாக எடுத்ததா என்று கேளுங்கள். அதற்கு ஸ்டற்றிக் ஐபி தேவையே இல்லை.

இதைவிட மோசமானது, போர்ட் சரிவராதபோது டிவிஆரை டிஎம்இசட்டில் போட்டுவிட்டுப் போவது. அதன் எல்லாப் போர்ட்டும் இணையத்துக்குத் திறந்துவிடும். 2016இல் மிராய் என்ற மல்வெயார் பிடித்தவற்றில் பெரும்பகுதி, தயாரிப்பாளர் போட்டுவிட்ட பாஸ்வேர்ட்டை மாற்றாத இப்படியான கமெராக்களும் டிவிஆர்களும்தான். விண்டோஸ் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் 3389 போர்ட்டை நேரே திறப்பதும் அதேயளவு ஆபத்து. வெளி போர்ட் இலக்கத்தை மாற்றி வைப்பது பாதுகாப்பாகாது.

பொது ஐபி இருந்தால் வயர்கார்ட் என்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெற்வேர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) போட்டு யூடிபி 51820 போர்ட்டை மட்டும் திறவுங்கள். இல்லாவிட்டால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை போதும், ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. டிவிஆரில் அதை நிறுவ முடியாது என்பதால் எப்போதும் ஓடும் பழைய கணினி அல்லது ராஸ்பெரி பை ஒன்றை சப்நெற் ரவுட்டராக (டிவிஆர் வரை வழிவிடும் இடைக் கணினியாக) வையுங்கள். அதில் ஐபி ஃபோர்வேர்டிங்கை இயக்கி, டெயில்ஸ்கேல் அட்மின் பக்கத்தில் வீட்டு முகவரித் தொடருக்கான ரூட்டை அனுமதிக்கவும் வேண்டும். கனடா வீட்டிலும் 192.168.1 தொடர்தான் என்றால் இரண்டும் மோதும். யாழ்ப்பாண வீட்டை 192.168.57 போன்ற வேறு தொடருக்கு மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே பூட்டியவர்கள் இன்றே ரவுட்டருக்குள் போய் டிஎம்இசட்டையும் யூபிஎன்பியையும் (கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் வசதி) நிற்பாட்டி, தேவையற்ற போர்ட் விதிகளை அழித்து, ரவுட்டர், டிவிஆர் இரண்டின் பாஸ்வேர்ட்டையும் மாற்றுங்கள். பூட்டியவர் ரவுட்டர் பாஸ்வேர்ட்டைத் தர மறுத்தால் ரீசெற் பண்ணலாம். ஆனால் பைபர் லைன் என்றால் இணைப்பு விபரங்களைக் கொம்பனியிடம் முதலே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பண்ணுங்கள்.